சூரியனின் பிள்ளையும் நமது பிள்ளைகளும்

கார்ட்டூன் படத்தைப் பற்றி நாம் எழுத முன்வந்ததைக் கண்டு சில தோழர்கள் ஆச்சரியப்படலாம். "நாட்டில் எத்தனையோ பெரிய காரியங்கள் கிடக்கும்போது, குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படத்தைப் பற்றி இவ்வளவு தூரம் எழுதுவானேன்?" என்றுகூடக் கேட்கலாம். பெரியவர்களுக்கு எழுதுவதும் பேசுவதும் இடிந்துபோன சுவருக்குப் பூச்சு பூசுகிற வேலை. குழந்தைகளுக்குச் சொல்லுவதோ அஸ்திவாரத்தில் கல் வைக்கிற வேலை. ஒரு மனிதனுக்கு நாற்பது வயதில் இருக்கும் பயமும் மூடநம்பிக்கையும் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டே போனால், அது அவன் ஐந்து வயதில் பாட்டியின் மடியில் கேட்ட கதையில் போய் முடியும். இன்றைக்கு அந்த மடி இருந்த இடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியும் கைப்பேசியும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆகவே பாட்டி என்ன சொல்லுகிறாள் என்று கவனித்து வந்த நாம், பெட்டி என்ன சொல்லுகின்றது என்பதையும் கவனித்துத்தான் ஆகவேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட படம் "மர்மமான தங்க நகரங்கள்" என்ற தொடர். பிரான்சு தேசத்தாரும் ஜப்பான் தேசத்தாரும் கூடித் தயாரித்தது. 1982-ம் வருஷத்தில் ஜப்பானிலும், 1983-ல் பிரான்சிலும் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 39 பகுதிகள் கொண்டது. ஜப்பானில் இதற்கு வைத்த பெயர் "சூரியனின் பிள்ளை எஸ்டெபான்" என்பதாகும். முப்பது வருஷம் கழித்து 2012-ல், அதே குழந்தைகள் சீன தேசத்துக்குப் போவதாக இதன் தொடர்ச்சியும் வந்தது. நாம் பேசப்போவது முதலில் வந்த 39 பகுதிகளைப் பற்றியே.

கதை 1532-ம் வருஷத்தில் ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரத்தில் தொடங்குகின்றது. எஸ்டெபான் ஒரு அனாதைச் சிறுவன், பாதிரியாரிடம் வளர்கின்றான். அவன் வெளியே வந்தால் மேகம் விலகிச் சூரியன் தோன்றும் என்று ஊர் ஜனங்கள் நம்புகிறார்கள். கழுத்தில் பாதிச் சூரியனைப்போல் ஒரு பதக்கம் கிடக்கின்றது. மென்டோசா என்ற கப்பலோட்டி தங்க நகரத்தைத் தேடி அவனைப் புதிய உலகத்துக்கு அழைத்துப் போகின்றான். கப்பலில் ஸியா என்ற இங்கா தேசத்துச் சிறுமி சேருகின்றாள். பிஸாரோ என்ற படைத்தலைவனால் சொந்த நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயின் இராணிக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டவள் அவள். வழியில் ஒரு தீவில் தாவோ என்ற மூன்றாவது சிறுவன் சேருகின்றான். இம்மூவரும் கடலையும் மலையையும் காட்டையும் கடந்து போவதே கதை.

முதலில் இத்தொடரிடம் உள்ள நல்லதைச் சொல்லிவிடுகின்றோம். மூன்று குழந்தைகளும் மூன்று தேசத்தார். நிறம் வேறு, பாஷை வேறு, பிறந்த விதம் வேறு. ஆனால் ஒரே பாத்திரத்தில் உண்டு, ஒரே படகில் படுத்து, ஒருவருக்காக ஒருவர் உயிரையும் கொடுக்கத் தயாராயிருக்கின்றார்கள். பெண் குழந்தை அழுதுகொண்டு மூலையில் நிற்கிறவளாக அல்ல, மற்றவர்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவளாக வருகின்றாள். இங்கா ஜனங்கள் கணக்கும் செய்தியும் குறித்துவைக்கக் கயிற்றில் போட்ட முடிச்சுக்கு "கிப்பு" என்று பெயர். அதைப் படிக்கத் தெரிந்தவள் ஸியா ஒருத்தியே. அவள் படித்துச் சொன்னாலொழிய மென்டோசாவுக்கு வழி தெரியாது. ஒரு பெண்ணின் படிப்பை நம்பி ஆண்கள் நடக்கின்ற கதையைக் குழந்தைகளுக்குக் காட்டியவர்களை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

இரண்டாவதாக, தங்கத்தின்மேல் கொண்ட பேராசை மனிதனை எவ்வளவு கேவலமானவனாக்கும் என்பதை இத்தொடர் ஒளிக்காமல் காட்டுகின்றது. இந்தக் கதையின் பின்னால் உள்ள உண்மைச் சரித்திரமோ அதைவிடக் கொடியது. 1532 நவம்பர் 16-ந் தேதி பெரு தேசத்தில் கஹமார்க்கா என்ற ஊரில் பிஸாரோ, இங்கா அரசனாகிய அதாவல்பாவை வஞ்சகமாகப் பிடித்தான். அப்போது அவனிடம் இருந்த ஆட்கள் 168 பேரே. பிடிக்குமுன் ஒரு பாதிரியார் போய் அரசனிடம் வேதப் புத்தகத்தை நீட்டினார். அரசன் அதை வாங்கிக் கீழே எறிந்தான். அதையே சாக்காக வைத்துத் துப்பாக்கி வெடித்தது. விடுதலைக்காக அதாவல்பா சுமார் 22 அடி நீளமும் 17 அடி அகலமும் உள்ள அறையில் ஒரு முறை தங்கமும் இரண்டு முறை வெள்ளியும் நிரப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். நாடெங்குமிருந்து நகைகளும் பாத்திரங்களும் வந்து குவிந்தன. அந்நாட்டுப் பொற்கொல்லர்களைக் கொண்டே அவர்களுடைய வேலைப்பாடுகளை உருக்கிக் கட்டியாக்கினார்கள். அவ்வளவும் வாங்கிக்கொண்ட பிறகு 1533-ல் அரசனைக் கொன்றார்கள். அதிலும் ஒரு கருணை செய்தார்களாம்: கிறிஸ்தவனானால் நெருப்பில் போடாமல் கழுத்தை நெரித்துக் கொல்லுவதாகச் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு நெரித்தார்கள். தங்கம் ஒருவன் கைக்கும், மோட்சம் இன்னொருவன் கைக்கும் போயிற்று. தங்க நகரத்தைத் தேடினவர்களின் யோக்கியதை இதுதான்.

மூன்றாவதாக நாம் மெச்சுவது தங்கக் கழுகு. ஒரு பகுதியில் குழந்தைகள் மலைமேல் தங்கத்தாலான பிரம்மாண்டமான கழுகு உருவத்தைக் காண்கின்றார்கள். நம்மவர்கள் கண்டிருந்தால் தேங்காய் உடைத்து ஒரு கருடாழ்வார் சந்நிதி கட்டி உண்டியலும் வைத்திருப்பார்கள். ஆனால் இந்தக் குழந்தைகள் அதற்குள் ஏறிப் பார்க்கின்றார்கள். சூரிய வெளிச்சம் பட்டதும் அது பறக்கின்றது. அது தெய்வமல்ல, சூரிய வெளிச்சத்தால் ஓடுகின்ற விமானம்! முதலில் ஓட்டத் தெரியாமல் விழிக்கின்றார்கள். பிறகு ஓட்டவும் கற்றுக்கொள்ளுகின்றார்கள். "கும்பிடாதே, உள்ளே ஏறிப் பார்" என்பதைவிடப் பெரிய உபதேசம் ஒரு குழந்தைக்கு வேறென்ன வேண்டும்?

நிற்க. இவ்வளவு நல்லதைச் செய்த படக்காரர்கள் கூடவே மூன்று பொல்லாத சரக்குகளையும் மூட்டைக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்பதுதான் நமது வருத்தம்.

முதலாவது, சூரியனைக் கூப்பிடும் சிறுவன். கழுகு பறப்பதற்குக் காரணம் சொன்ன படம், எஸ்டெபான் கூப்பிட்டால் சூரியன் வருவதற்குக் காரணம் சொல்லவில்லை. ஊரில் கூப்பிடச் சொல்லுகிறார்கள். கப்பலில் கூப்பிடச் சொல்லுகிறார்கள். ஆபத்து வந்த இடங்களிலெல்லாம் அவன் மனதுருகி வேண்ட, மேகம் விலகுகின்றது. சூரியன் இருப்பது பூமியிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அதன் வெளிச்சம் இங்கே வந்துசேர எட்டு நிமிஷத்துக்கு மேலாகின்றது. மறைப்பதும் விலகுவதும் மேகமேயல்லாமல் சூரியனல்ல. அந்த மேகமோ காற்றையும் வெப்பத்தையும் அனுசரித்து நடக்குமே தவிர, பார்சிலோனா பையனுடைய குரலைக் கேட்டு நடக்காது.

இது வெறும் விளையாட்டுக் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை. இதே புதிய உலகத்தில் இதே காலத்தை ஒட்டி உண்மையாகவே நடந்த சங்கதி ஒன்றைக் கேளுங்கள். 1503-ல் கொலம்பஸ் என்பவர் கப்பல் கெட்டு ஜமைக்கா தீவில் ஒதுங்கினார். சிலகாலம் சோறு போட்ட தீவு ஜனங்கள், கொலம்பஸின் ஆட்கள் செய்த அக்கிரமம் பொறுக்காமல் பிறகு நிறுத்திவிட்டார்கள். கொலம்பஸிடம் வானசாஸ்திரிகள் கணித்த பஞ்சாங்கம் ஒன்றிருந்தது. 1504 பிப்ரவரி 29-ல் சந்திர கிரகணம் என்று அதில் கண்டிருந்தது. அவர் தலைவர்களைக் கூப்பிட்டு, "என் கடவுளுக்கு உங்கள்மேல் கோபம், இன்றிரவு சந்திரனைப் பறித்துவிடுவார்" என்றார். சொன்னபடி சந்திரன் மங்கிச் சிவந்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு உணவைச் சுமந்துவந்து காலில் வைத்தார்கள். கொலம்பஸ் அறைக்குள் போய்ப் பிரார்த்தனை செய்வதுபோல் உட்கார்ந்திருந்து, கிரகணம் விலகும் நேரம் பார்த்து வெளியே வந்து, "மன்னித்துவிட்டார்" என்றார். கணக்குத் தெரிந்தவன் கணக்குத் தெரியாதவனைக் கடவுளின் பேரால் ஏய்த்துச் சோறு தின்றான் என்பதைத்தவிர இதில் வேறென்ன இருக்கின்றது? சூரியனையும் சந்திரனையும் ஒருவன் ஏவமுடியும் என்று நம்புகிற ஜனங்கள் இருக்கும்வரையில், ஏவுவதாகச் சொல்லிப் பிழைக்கிறவனும் இருந்தே தீருவான்.

இதில் அந்தச் சிறுவன் படும் துன்பத்தையும் வாசகர்கள் யோசிக்க வேண்டுகின்றோம். எஸ்டெபானுக்கு உயரமான இடம் என்றால் பயம். ஆனாலும் தெய்வாம்சம் உள்ளவன் என்று அவனைத் தூக்கி உயரத்தில் வைக்கின்றார்கள். அவன் பயத்தைக் கேட்பார் யாருமில்லை. மென்டோசா அவனை அழைத்துப் போவதும் அவன் அதிர்ஷ்டக்காரன் என்ற எண்ணத்தினால்தான். ஒரு குழந்தையைத் தெய்வமாக்குவது என்றால், அதன் குழந்தைத்தன்மையைத் திருடுவது என்பதே பொருள். நம் சென்னை அடையாற்றிலேயே 1909-ல் கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனைக் கண்டுபிடித்து, இவனே வரப்போகும் ஜகத்குரு என்று பிரம்மஞான சபைத் தலைவர்கள் விளம்பரம் செய்தார்கள். பெற்ற தகப்பன் மகனைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் ஏறவேண்டியதாயிற்று. அவருக்காக உலகமெல்லாம் ஒரு சங்கமும் நடத்தினார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, 1929-ல் ஹாலந்து தேசத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் அந்தச் சங்கத்தைத் தாமே கலைத்து, எனக்குச் சீடர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தெய்வமாக்கப்பட்டவரே வேண்டாமென்று உதறிய வேஷத்தை, கார்ட்டூன் சிறுவனுக்கு மாத்திரம் கழற்ற மனம் வரவில்லை!

இன்னொரு வேடிக்கை. இத்தொடருக்கு ஆதாரமாயிருந்தது ஸ்காட் ஓடெல் என்ற அமெரிக்க ஆசிரியர் 1966-ல் எழுதிய ஒரு நாவல். எஸ்டெபான், ஸியா, மென்டோசா என்ற பெயர்களெல்லாம் அதில் உள்ளவைகளே. ஆனால் அந்த நாவலில் எஸ்டெபான் யார் தெரியுமா? தேசப்படம் வரைகிற வாலிபன்! போகிற வழியில் மலையையும் ஆற்றையும் அளந்து காகிதத்தில் குறிக்கின்ற தொழிலாளி. புத்தகத்தில் அளவுகோல் வைத்திருந்தவன் தொலைக்காட்சிக்கு வந்ததும் பதக்கம் வைத்திருப்பவனாகிவிட்டான். கற்றுத் தெரிந்துகொண்ட வித்தையை எடுத்துவிட்டு, பிறக்கும்போதே வந்த மகிமையை வைத்துவிட்டார்கள்.

இதுவே நமது இரண்டாவது ஆட்சேபணைக்கும் வழியாகின்றது. எஸ்டெபானும் ஸியாவும் அணிந்திருக்கும் பதக்கங்களே தங்க நகரத்துக்குத் திறவுகோல். அந்தப் பதக்கங்கள் அவர்கள் உழைத்துச் சம்பாதித்தவையல்ல. குழந்தையிலேயே கழுத்தில் கிடந்தவை. அதாவது, இன்னாருக்குப் பிறந்தவன் இன்ன கதவைத் திறக்கலாம், மற்றவன் வாசலில் நிற்கவேண்டும் என்ற தத்துவமே இது. இந்தத் தத்துவம் நம் நாட்டாருக்குப் புதிதல்ல. கழுத்தில் கிடப்பதைப் பார்த்துக் கதவு திறக்கின்ற ஊரில் பிறந்தவர்கள்தானே நாம்! இங்கா அரசர்களும் தங்களைச் சூரியன் வம்சம் என்றார்கள். எகிப்து அரசர்களும் சூரியன் மக்கள் என்றார்கள். நம் சோழர்களும் சூரிய குலம் என்றே எழுதி வைத்தார்கள். ஆனால் சூரியன் வம்சத்தான் வயலில் இறங்கி வெயிலில் காய்ந்ததாக எந்தத் தேசத்துச் சரித்திரத்திலும் காணோம். வெயிலில் காய்ந்தவன் வேறு, சூரியன் பிள்ளை வேறு.

இந்த மூவரில் நமக்குப் பிடித்தவன் தாவோதான். தன் முன்னோர் பெருமையை அவனும் கொஞ்சம் அளக்கிறான், இருக்கட்டும். ஆனால் ஒரு காரியம் எதிர்ப்பட்டால் அவன் புத்தகத்தைத் திறக்கின்றான். பொறியைப் புரட்டிப் பார்க்கின்றான். தப்பினால் மறுபடியும் செய்கின்றான். தாவோவைப்போல் ஆக எந்தக் குழந்தையாலும் முடியும். எஸ்டெபானைப்போல் ஆகவேண்டுமானால் அப்படிப் பிறந்திருக்கவேண்டும்.

மூன்றாவது ஆட்சேபணைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தங்கக் கழுகு, தங்க நகரம், சூரிய வெளிச்சத்தால் ஓடும் கப்பல் எல்லாவற்றையும் செய்தவர்கள் யார் என்று கேட்டால், கடலில் மூழ்கிப்போன "மூ" என்ற கண்டத்தார் என்கின்றது படம். அப்படி ஒரு கண்டம் பசிபிக் கடலில் இருந்ததே இல்லை. சில வெள்ளைக்கார எழுத்தாளர்கள் கட்டிவிட்ட கதை அது. கடலடியைத் துளைத்துப் பார்த்த பூகர்ப்ப சாஸ்திரிகள் அங்கே மூ கண்டம் இருந்ததற்கு எந்த அடையாளத்தையும் காணவில்லை. நம்மவர்களும் இந்த இடத்தில் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். லெமூரியா என்ற பெயரை 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கு சாஸ்திரி வைத்தார். ஒரு வகைப் பிராணி மடகாஸ்கரிலும், அதைச் சேர்ந்தவை இந்தியாவிலும் இருந்ததற்குக் காரணம் தேடியே அப்படிச் சொன்னார். கண்டங்களே நகருகின்றன என்று பிற்பாடு தெரிந்தவுடன் அந்தக் காரணம் வேண்டாததாகிவிட்டது. தமிழனுடைய பெருமைக்குத் தமிழன் எழுதியதும் கட்டியதும் உழுததும் போதும். மூழ்கிய கண்டம் வேண்டியதில்லை. பிறர் புராணத்தைக் கேலி செய்கிறவன் தன் வீட்டுப் புராணத்தை மாத்திரம் மடியில் கட்டிக்கொள்ளுவது நியாயமாகாது.

இதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். கெடுதி இதுதான்: செய்தவன் கை மறைக்கப்படுகின்றது. பெரு தேசத்து மலைகளில் இரும்புக் கருவியும் சக்கர வண்டியும் குதிரையும் இல்லாமல், சாந்து வைக்காமல் கல்லைக் கல்லோடு இழைத்துச் சுவர் எழுப்பினார்கள் இங்கா தேசத்து உழைப்பாளிகள். சுமார் 40,000 கிலோமீட்டர் நீளம் பாதைகள் போட்டார்கள். மெக்ஸிக்கோவில் ஒல்மெக் ஜனங்கள் மூவாயிரம் வருஷத்துக்கு முன்பு ஆளுயரத்துக்கும் மேலான கல் தலைகளைச் செதுக்கினார்கள். அந்தக் கற்களைத் தூரத்து மலைகளிலிருந்து இழுத்துவந்தார்கள். அவர்களை இத்தொடர் எப்படிக் காட்டுகின்றது? பூமிக்கடியில் ஒளிந்து வாழுகிற, உருவம் கோரமான துஷ்டர்களாக! நாட்டைக் கொள்ளையடித்த பிஸாரோவின் கூட்டத்தார் மனித முகத்தோடு வருகின்றார்கள். கல் செதுக்கினவனுடைய பேரை மாத்திரம் அரக்கனுக்கு வைத்துவிட்டார்கள்.

இந்த வித்தையும் நமக்குத் தெரிந்ததே. நம் ஊர்ப்புறங்களில் ஒரு பெரிய மண்டபத்தைக் காட்டிக் கேட்டால், "பூதங்கள் ஒரே ராத்திரியில் கட்டியது, கோழி கூவினதும் போட்டுவிட்டுப் போய்விட்டன" என்பார்கள். கல் உடைத்தவன் விரலில் ஒழுகின இரத்தத்தைப் பற்றி ஒருவரும் சொல்லமாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில்கூட, கட்டின பெருந்தச்சனுடைய பெயர் கல்லில் வெட்டியிருக்கின்றது. ஆனால் அவன் பெயரைச் சொல்லி விழுகிறவன் எத்தனை பேர்? பூதம் கட்டியது என்றால் கூலி பாக்கி இல்லை. மூ கண்டத்தான் கட்டியது என்றால் இன்று அங்கே உயிரோடிருக்கும் இங்கா, மாயா சந்ததியாருக்கு ஒரு மரியாதையும் பாக்கி இல்லை. இரண்டும் ஒரே கணக்குத்தான்.

சூரிய வெளிச்சத்தால் பறக்கும் விமானம் என்பது ஆகாத காரியமல்ல என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இத்தொடர் வருவதற்கு ஒரு வருஷம் முந்தி, 1981 ஜூலை 7-ந் தேதி, "ஸோலார் சாலஞ்சர்" என்ற விமானம் வேறு எரிபொருள் எதுவுமில்லாமல் சூரிய வெளிச்சத்தால் மாத்திரம் பிரான்சிலிருந்து கடலைத் தாண்டி இங்கிலாந்தில் போய் இறங்கிற்று. 2015 மார்ச்சில் அபுதாபியில் கிளம்பிய "ஸோலார் இம்பல்ஸ் 2" என்ற விமானம், இடையிடையே இறங்கி, உலகத்தையே சுற்றி 2016 ஜூலையில் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தது. பகலில் வாங்கின வெளிச்சத்தைப் பேட்டரியில் சேமித்து இரவிலும் பறந்தது. இதை ஓட்டியவர்கள் கழுத்தில் எந்தப் பதக்கமும் இல்லை. மேகம் வந்தபோது அவர்கள் சூரியனைக் கூப்பிடவுமில்லை. வானிலைக் கணக்கைப் பார்த்து வழியை மாற்றிக்கொண்டார்கள். நடுவழியில் பேட்டரி கெட்டபோது மாதக்கணக்கில் தங்கிப் புதிது போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். தங்கக் கழுகைவிட இந்தக் கதை எந்த விதத்தில் சுவை குறைந்தது?

"குழந்தைகளுக்குக் கற்பனை வேண்டாமா? எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பாடமாக்கி விடவேண்டுமா?" என்று சிலர் நம்மைக் கேட்பார்கள். கற்பனை வேண்டாமென்று நாம் சொல்லவே இல்லை. கற்பனை இல்லாதவன் விமானம் செய்திருக்கமாட்டான். ஆனால் "இப்படி ஒன்று செய்தால் என்ன?" என்று நினைப்பது ஒரு கற்பனை, "யாரோ வந்து செய்துகொடுப்பார்" என்று காத்திருப்பது இன்னொரு கற்பனை. முன்னது மனிதனை எழுப்பும்; பின்னது தூங்கவைக்கும். படக்காரர்களுக்கே இந்தப் பேதம் ஓரளவு தெரிந்திருக்கின்றது. அதனால்தான் முதன்முதலில் காட்டியபோது ஒவ்வொரு கதையின் முடிவிலும் அந்த நாடுகளையும் ஜனங்களையும் கட்டடங்களையும் பற்றி நிஜமான சிறு படம் ஒன்றையும் சேர்த்தே காட்டினார்கள். கதையில் போட்ட முடிச்சை அந்தச் சில நிமிஷங்களாவது கொஞ்சம் அவிழ்த்துவிட்டிருக்கும்.

ஆகவே தோழர்களே! இந்தப் படத்தைப் பார்க்கக்கூடாது என்று குழந்தைகளைத் தடுக்கவேண்டாம். தடுத்தால் அவர்கள் ஒளிந்து பார்ப்பார்கள். ஒளிந்து பார்ப்பதற்கு மதிப்பும் அதிகமாகும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். சூரியன் வந்தவுடன், "இவன் கூப்பிட்டதனால் வந்ததா, வரும் நேரத்தில் இவன் கூப்பிட்டானா? கூப்பிட்டும் வராத நாள் எத்தனை என்று யாராவது எண்ணினார்களா?" என்று மெதுவாக ஒரு கேள்வி போடுங்கள். தங்க நகரம் வந்தவுடன், "இதற்குக் கல் சுமந்தவன் எந்த வீட்டில் குடியிருந்தான்?" என்று இன்னொரு கேள்வி போடுங்கள். பதில் நீங்கள் சொல்லவேண்டியதில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு இதற்குப் பதில் தெரியும். எழுபது வயதுக்காரருக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

நம் குழந்தைகள் சூரியனின் பிள்ளைகளாக வேண்டியதில்லை. சூரியன் என்பது என்ன, எவ்வளவு தூரம், எவ்வளவு வெப்பம், அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்கிற பிள்ளைகளாக இருந்தால் போதும். அவர்களுக்கு எந்தக் கதவும் பதக்கமில்லாமலே திறக்கும். திறக்காவிட்டால், உடைத்துத் திறக்கும் தைரியமும் அவர்களுக்கு வரும்.